குரூப்பில் இல்லாத மூன்று பேர்

அன்புள்ள பெற்றோருக்கும், பேரப்பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொள்ளும் அம்மாயி, அப்பாயி, தாத்தாமாருக்கும் வணக்கம்.

இந்தக் கடிதத்தைத் தாளில் அச்சடித்துப் பிள்ளைகளின் கையில் கொடுத்து அனுப்புகிறேன். வழக்கம்போல ஏன் வட்ஸ்அப்பில் வரவில்லை என்று சிலர் கேட்பீர்கள். அதற்குக் காரணம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன். வாசிக்கச் சிரமப்படுபவர்கள் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். அவர்களும் கேட்க வேண்டிய சங்கதிதான்.

இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முந்தின வெள்ளிக்கிழமை நடந்தது இது. தரம் 10 பிள்ளைகள் பயிற்சிக்குக் கறுப்பு டீசேர்ட்டில் வந்து நின்றார்கள். விளையாட்டு ஆசிரியர் சொல்லியிருப்பார் என்று நான் நினைத்தேன், நான் சொல்லியிருப்பேன் என்று அவர் நினைத்திருக்கிறார். முந்தின நாள் இரவு ஒன்பது மணிக்கு மேல் பிள்ளைகளே தங்கள் குரூப்பில் பேசி முடிவெடுத்த விஷயம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மூன்று பேர் மட்டும் வெள்ளைச் சீருடையில் வரிசையின் ஓரத்தில் நின்றார்கள்.

அவர்களில் ஒரு பிள்ளை வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு மைதானத்தை விட்டுப் போய்விட்டாள். தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் உட்கார்ந்து, ரிபன் நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். "என்ன மகள், எங்க நோகுது?" என்று கேட்டேன். வயிற்றைக் காட்டவில்லை. "எனக்கு யாரும் சொல்லல்ல சேர்" என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை.

குரூப்பின் அட்மினைக் கூப்பிட்டு விசாரித்தேன். நல்ல பிள்ளை. யாரையும் ஒதுக்கும் எண்ணம் அவளுக்குக் கிடையாது. "அவங்க மூணு பேருக்கும் போன் இல்லையே சேர், எப்படிச் சேர்க்கிறது?" என்று கேட்டாள். எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. வகுப்பாசிரியர் இருக்கும் குரூப் வேறாக இருக்கும்போது இதை ஏன் தனியாகத் தொடங்கினீர்கள் என்று கேட்டதற்கு, "அதில டீச்சர் இருக்காங்களே" என்று தலையைக் குனிந்துகொண்டாள். அதைக் குற்றமாக எடுக்க நான் தயாரில்லை. நம் ஆசிரியர்களுக்கும் நான் இருக்கும் குரூப் ஒன்றும் நான் இல்லாத குரூப் ஒன்றும் இருப்பது எனக்குத் தெரியும். இரண்டாவதில்தான் கலகலப்பு அதிகமாம்.

பிள்ளைகள் ஒருவரையொருவர் சேர்க்காமல் விடுவது நம் காலத்திலும் இருந்ததுதானே என்று நினைப்பீர்கள். இருந்தது. தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் சண்டை பிடித்து, இரண்டு நாள் பேசாமல் திரிந்து, மூன்றாம் நாள் ஒரு கொய்யாக்காயைக் காக்காக் கடி கடித்துப் பாதி கொடுத்ததோடு சரியாகிவிடும். அந்தச் சண்டையில் எதிராளி யாரென்று தெரியும், காரணமும் தெரியும். இப்போது ஒரு பிள்ளை ஒதுக்கப்படுவது அதற்கே தெரிவதில்லை. மறுநாள் வகுப்பில் எல்லோரும் எதற்கோ சிரிக்கும்போதுதான் தெரிகிறது. திட்டியவர் என்று யாரும் இல்லாததால் போய்ச் சண்டை பிடிக்கவும் ஆள் கிடையாது.

அமெரிக்க உளவியலாளர் கிப்லிங் வில்லியம்ஸ் ஒருநாள் பூங்காவில் தன் நாயோடு உட்கார்ந்திருந்தாராம். இரண்டு பேர் எறிந்து விளையாடிய பிளாஸ்டிக் தட்டு அவர் பக்கம் வந்து விழ, எடுத்துத் திருப்பி எறிந்திருக்கிறார். அவர்களும் அவரைச் சேர்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் விளையாடிவிட்டு, திடீரென்று அவர் பக்கம் எறிவதை நிறுத்திவிட்டார்கள். முன்பின் தெரியாத ஆட்கள்தான், ஆனாலும் மனம் நொந்துபோனதாம். அதை வைத்து அவர் கணினியில் ஒரு பந்து விளையாட்டை உருவாக்கினார். 2004இல் வந்த ஆய்வில், எதிரில் ஆடுவது மனிதரில்லை, வெறும் கணினிதான் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் பந்தைக் கொடுக்காமல் விட்டபோதும் ஆடியவர்களுக்கு மனம் நொந்தது. இயந்திரம் சேர்க்காததற்கே இப்படியென்றால், முதலாம் தரத்திலிருந்து ஒரே வாங்கில் உட்கார்ந்தவள் சேர்க்காதபோது ஒரு பிள்ளைக்கு எப்படி இருக்கும்? "ஒரு குரூப்தானே, விடு" என்று தயவுசெய்து வீட்டில் சொல்லாதீர்கள்.

2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடியதை மறந்திருக்க மாட்டீர்கள். பாடமெல்லாம் வட்ஸ்அப்பில் வந்தது, தோட்டத்து லயத்து வீடுகளில் சிக்னல் இல்லை. கோயிலுக்கு மேலே இருக்கும் பாறையில் ஏறினால்தான் இரண்டு கோடு தெரியும். ஒருநாள் அங்கே போய்ப் பார்த்தேன். ஒரு போன், அதைச் சுற்றி ஐந்து தலை. ஒருத்தி திரையைப் பார்த்து வாசிக்க மற்றவர்கள் கொப்பியில் எழுதினார்கள். மழை தூறியதும் போனைக் குடைக்குள் வைத்துவிட்டு எல்லோரும் நனைந்தார்கள். அந்த ஐந்து பேரில் நான்கு பேருக்குப் போனே கிடையாது, ஆனால் ஐந்து பேரும் குரூப்பில் இருந்தார்கள். இப்போது அநேகமாக ஆளுக்கொரு போன். சிக்னலும் லயத்துக்கே வந்துவிட்டது. அவரவர் காம்பராவில் போர்வைக்குள் இருந்துகொண்டு பேசுகிறார்கள். போன் இல்லாத பிள்ளை வெளியே நிற்கத் தொடங்கியது இதற்குப் பிறகுதான் என்று நினைக்கிறேன்.

இணையம் நெருக்கத்தைக் கெடுத்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன், சொல்லவும் முடியாது. என் பெரியம்மா குடும்பம் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியா போனது. தோட்டத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப இரண்டு நாடும் 1964இல் எழுதிய ஒப்பந்தம், அவர்கள் ரயில் ஏறித் தலைமன்னார் போனது எழுபதுகளில். ஆரம்பத்தில் கடிதம் வந்தது, பிறகு நின்றுவிட்டது. பல வருடம் கழித்து பேஸ்புக்கில் ஒரு தோட்டத்தின் பெயரைப் போட்டு யாரோ விசாரிக்கப்போய், பெரியம்மாவின் மகன் கோத்தகிரியில் இருப்பது தெரியவந்தது. என் அம்மாவும் பெரியம்மாவும் வீடியோ கோலில் முதன்முதலாகப் பார்த்துக்கொண்டபோது அரை மணி நேரம் பேசியது யாருக்கு எத்தனை பல் மிச்சம் என்பதைத்தான். இதை இணையம் இல்லாமல் வேறு எது செய்து தந்திருக்கும்? ஆனால் அந்த இரண்டு பேரும் பதினெட்டு வருடம் ஒரே காம்பராவில் ஒரே பாயில் படுத்தவர்கள். திரை வருவதற்கு எவ்வளவோ முன்னால் அந்த உறவு வேர்பிடித்திருந்தது. நெதர்லாந்தில் 10 முதல் 16 வயதுப் பிள்ளைகளிடம் நடத்திய ஓர் ஆய்வு 2007இல் வெளிவந்தது. அதிலும் கிட்டத்தட்ட இதுதான் தெரிந்தது: இருக்கிற நண்பர்களோடு இணையத்தில் பேசுகிறவர்களிடம் நட்பு நெருக்கமாக இருந்தது, பெரும்பாலும் தெரியாதவர்களோடு பேசுகிறவர்களிடம் அப்படிக் காணப்படவில்லை.

அப்படியானால் முதல் நெருக்கம் எங்கே உண்டாகிறது? கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹோல் 2018இல் ஒரு கணக்குச் சொன்னார். அறிமுகமானவர் சாதாரண நண்பராக ஏறத்தாழ 50 மணி நேரம் சேர்ந்திருக்க வேண்டும், நல்ல நண்பராக 90, நெருங்கிய நண்பராக 200க்கு மேல். அதிலும் சேர்ந்து வேலை செய்யும் நேரம் அவ்வளவாக உதவாதாம், சும்மா பேசிச் சிரிக்கும் நேரம்தான் உதவுமாம். அமெரிக்க நாட்டுக் கணக்கு, நமக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் இதை வாசித்ததும் தோட்டத்தின் மேல் டிவிசன் பிள்ளைகள்தான் நினைவுக்கு வந்தார்கள். பாடசாலைக்குக் குறுக்குப் பாதையில் நடக்க 40 நிமிடம், திரும்பிப் போக 40 நிமிடம். வருடத்தில் 150 நாள் நடந்தால் சரியாக 200 மணி நேரம்! பாதை மோசம், அட்டைக் கடி வேறு. அதனால் மாதக் கணக்குப் பேசி ஓட்டோவில் அனுப்புகிறீர்கள், அதில் பிழை சொல்ல மாட்டேன். ஆனால் ஓட்டோவில் ஐந்து பேரும் ஆளுக்கொரு திரையைப் பார்த்துக்கொண்டு வந்து இறங்குவதைக் கேற்றில் நின்று தினமும் பார்க்கிறேன். மழையில்லாத நாளில், பிற்பகலிலாவது, ஒன்றாக நடந்து வர விடுங்கள். பெரிய பிள்ளைகள் இரண்டு பேர் கூடப் போக ஏற்பாடு செய்கிறேன்.

இனி என் பங்குக்கு நான் செய்த பிழை. சப்பாத்து வவுச்சருக்குக் கையெழுத்துப் போட வரும்படி அறிவித்தலைப் பெற்றோர் குரூப்பில் மட்டும் போட்டேன். பட்டன் போன் வைத்திருக்கும் ஒரு தாய்க்கு அது தெரியவில்லை. பக்கத்துக் காம்பராவில் சொல்லித்தான், ஒரு நாள் பிந்திக் கேள்விப்பட்டிருக்கிறார். கங்காணியிடம் சொல்லிவிட்டு மலையிலிருந்து ஓடி வந்தார், கொழுந்துக் கறை கையோடு. அன்று அவருக்கு அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான். வவுச்சர் பொறுப்பான ஆசிரியர் அன்று லீவு என்பதால் மறுநாளும் வர வேண்டியதாயிற்று, இன்னொரு அரைப் பேர். பிள்ளைகள் மூன்று பேரை விட்டுவிட்டார்கள் என்று விசாரணை வைத்த நானே, எத்தனை பெற்றோரை இப்படி விட்டிருக்கிறேன் என்று அன்று மாலைதான் எண்ணிப் பார்த்தேன். பதினேழு வீடு.

ஆகவே இனி எல்லா அறிவித்தலும் தாளில் வரும், கேற்றுப் பலகையிலும் கொழுந்து நிறுக்கும் மடுவத்திலும் ஒட்டப்படும். குரூப்பிலும் போடுவோம், ஆனால் அதில் மட்டும் என்று எதுவும் இருக்காது. பிள்ளைகளின் குரூப்பை நாங்கள் மூடச் சொல்லவில்லை. உள்ளே வந்து எட்டிப் பார்க்கவும் போவதில்லை. எல்லோருக்கும் பொதுவான ஒரு விஷயத்தை இரவில் அங்கே முடிவு செய்தால், மறுநாள் காலை வகுப்பில் சொன்ன பிறகுதான் அது செல்லும் என்று தரம் 10 பிள்ளைகளே பேசி ஒத்துக்கொண்டார்கள்.

போன் வாங்கிக் கொடுங்கள் என்று இந்தக் கடிதத்தைக் காட்டி எந்தப் பிள்ளையாவது கேட்டால், அதிபர் அப்படி எழுதவில்லை என்று சொல்லுங்கள். போன் இருக்கும் வீடுகளில், எத்தனை குரூப்பில் இருக்கிறாய் என்று கேட்பதை விட, உன் கூட்டாளிகளில் யார் அதில் இல்லை என்று கேட்டுப் பாருங்கள். தெரியாதவர்கள் பிள்ளையை எந்தக் குரூப்பிலும் இழுத்துப் போடாதபடி வட்ஸ்அப் செட்டிங்கில் மாற்றலாம், அந்த வசதி 2019இலிருந்தே இருக்கிறது. மிரட்டலோ அசிங்கமான படமோ வந்தால் அழிக்காமல் எங்களிடம் கொண்டு வாருங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929க்கும் அழைக்கலாம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்கு மண்டபத்தில் கூடுவோம். செட்டிங் மாற்றத் தெரியாதவர்கள் போனைக் கொண்டு வந்தால் தரம் 11 பிள்ளைகள் மாற்றித் தருவார்கள். பட்டன் போன்காரர்களும் போனே இல்லாதவர்களும் கையை வீசிக்கொண்டு வாருங்கள். தேத்தண்ணியும் ரொட்டியும் எல்லோருக்கும் உண்டு.

இப்படிக்கு,
அதிபர்