நட்சத்திர மீனுக்குக் கால்கள் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு சிறுவர் பக்கத்தில், நட்சத்திர மீன் பாறையை 'உறிஞ்சிப் பிடிக்கிறது' என்று எழுதியிருந்தீர்கள். கல்லூரி விலங்கியல் ஆய்வகத்தில் 29 ஆண்டுகள் உதவியாளராக இருந்தவன் நான். மாணவர்களிடம் நானும் அப்படித்தான் சொல்லிவந்தேன், அது வேறு கதை. உண்மையில் பிடிப்பு பெரும்பாலும் பசையால்தான். கரங்களின் அடியில் வரிசையாக இருக்கும் சிறு குழாய் போன்ற கால்கள்தான் குழாய்க்கால்கள்; அந்தக் காலின் நுனியில் ஒரு சுரப்பு ஒட்டுகிறது, இன்னொன்று விடுவிக்கிறது. கண்ணாடியில் அது நடந்த வழிக்குச் சாயமிட்டால் வட்ட வட்டமாகக் காலடித் தடம் தெரியும்!

ஒவ்வொரு குழாய்க்காலுக்கும் மேலே ஒரு சிறு பை இருக்கிறது. பேனாவுக்கு மை ஊற்றும் ஃபில்லரின் ரப்பர் குமிழ் போன்றது. பை சுருங்கினால் நீர் இறங்கிக் கால் நீளும்; காலின் தசை சுருங்கினால் நீர் பைக்கே திரும்பும்.

இத்தனைக்கும் மூளை கிடையாது. வாயைச் சுற்றி ஒரு நரம்பு வளையம், அதிலிருந்து கரத்துக்கு ஒரு நரம்பு, அவ்வளவே. காலை நீட்டுவதும் மடக்குவதும் அந்தந்தக் கரத்திலேயே நடந்துவிடும். எந்தப் பக்கம் போவது என்று ஒத்துப்போகத்தான் வளையம் வேண்டும். தொட்டியில் மல்லாக்கப் போட்டுப் பார்த்திருக்கிறேன். ஓரிரு கரங்களின் நுனி முறுக்கித் தரையைத் தேடும், கால்கள் பற்றும், மற்ற கரங்கள் எதிர்ப்பதை விட்டுவிடும், உடல் மெல்லப் புரளும்.

திருத்தம் வெளியிடும்போது படத்தையும் மாற்றுங்கள். வாயை முதுகில் வரைந்திருக்கிறார் உங்கள் ஓவியர்.

ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர்,
தூத்துக்குடி