பழைய லேண்ட் ரோவர்களும் மாற்று உதிரிப்பாகங்களும்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவை உறுப்பினர்களே, மலேசியாவின் கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்களிலிருந்தும் காய்கறிக் கொல்லைகளிலிருந்தும் வந்திருக்கும் வண்டி உரிமையாளர்களே, அனைவருக்கும் வணக்கம்.

ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங், கம்போங் ராஜா வட்டாரங்களில் லோரி ஏற முடியாத செங்குத்துப் பாதைகளில் முட்டைக்கோஸையும் தக்காளியையும் இறக்கிவருவது இன்றும் நம் லேண்ட் ரோவர்கள்தாம். அவற்றில் 1961 முதல் 1971 வரை வெளிவந்த சீரிஸ் 2ஏ வண்டிகளும், 1971 முதல் 1985 வரை வெளிவந்த சீரிஸ் 3 வண்டிகளும் கலந்திருப்பதால், ஒன்றின் பாகத்தை மற்றொன்றில் பொருத்தலாமா என்பதே இவ்வாண்டு உறுப்பினர்கள் சங்கத்திடம் அதிகம் கேட்ட கேள்வியாக இருந்தது. சங்கத்தின் மற்றப் பணிகள் வழக்கம்போல் நடைபெற்றன. வரவு செலவைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். ஆகவே இவ்வறிக்கையில் அந்தக் கேள்வியைப் பற்றி மட்டும் விரிவாகக் கூறுகிறேன்.

உறுப்பினர்கள் முதலில் விரும்புவது கியர் பெட்டியை மாற்றுவதையே. சீரிஸ் 2ஏ பெட்டியில் மூன்றாம், நான்காம் கியர்களுக்கு மட்டுமே சிங்க்ரோமெஷ் (கியர் மாற்றும்போது பற்சக்கரங்களின் வேகத்தை ஒன்றாக்கும் அமைப்பு) உண்டு. சீரிஸ் 3 பெட்டியில் முன்செல்லும் நான்கு கியர்களுக்கும் உண்டு. பாரத்தோடு இறங்கும்போது முதல் கியருக்கு வர கிளட்ச்சை இரண்டு முறை மிதிக்கத் தேவையில்லை என்பதால் இந்த ஆசை நியாயமானதே. ஆனால் பெட்டியை மட்டும் வாங்கிவந்தால் வேலை பாதியில் நின்றுவிடும். 2ஏ வண்டியில் கிளட்ச்சின் ஸ்லேவ் சிலிண்டர் (மிதியின் அழுத்தத்தை எண்ணெய் வழியாகப் பெற்றுக் கிளட்ச்சை நகர்த்தும் பாகம்) வெளியே தனித் தாங்கியில் அமர்ந்து, குறுக்குத் தண்டு ஒன்றின் வழியாகக் கிளட்ச்சை இயக்குகிறது. சீரிஸ் 3இல் அது கிளட்ச்சை மூடியிருக்கும் கூடான பெல் ஹவுசிங்கிலேயே அமர்ந்து நேராகத் தள்ளுகிறது. கிளட்ச்சும் 9 அங்குலத்திலிருந்து 9.5 அங்குல டயாஃப்ரம் (தட்டு வடிவ வில்) வகைக்கு மாறியிருக்கிறது. எனவே பெல் ஹவுசிங், ஸ்லேவ் சிலிண்டர், அதன் குழாய், பேரிங், கிளட்ச் ஆகிய அனைத்தையும் ஒரே வண்டியிலிருந்து ஒரு தொகுதியாகக் கழற்றி எடுப்பதே முறை.

அச்சின் இரு பக்கச் சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரத் தொகுதியான டிஃபரென்ஷியலைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. நம் வண்டிகளின் விகிதம் 4.7 (சக்கரம் ஒருமுறை சுழல, அதை இயக்கும் தண்டு 4.7 முறை சுழலும்), பழைய ரேஞ்ச் ரோவரின் விகிதம் 3.54. நெடுஞ்சாலையில் வேகம் கிடைக்கும் என்று பின் அச்சில் மட்டும் 3.54ஐப் பொருத்திவிட்டு, சேற்றில் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டால், முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல முயன்று ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கும். இடையே அதைச் சமன்செய்ய நடு டிஃபரென்ஷியல் இல்லாததால், அச்சுத் தண்டோ பற்சக்கரமோ உடைந்தே தீரும். மாற்றினால் முன், பின் அச்சுகள் இரண்டிலும் மாற்ற வேண்டும். பழைய எஞ்சினோடு கொல்லைப் பாதையில் சுமை ஏற்றும் வண்டிக்கு 4.7ஐத் தொடாமல் விடுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

மின்சார இணைப்பில் கவனம் இன்னும் அதிகம் தேவை. 1967 வாக்கில் மாறும் வரை இவ்வண்டிகளில் பேட்டரியின் நேர்முனையே வண்டியின் இரும்புச் சட்டத்தோடு இணைக்கப்பட்டிருந்தது. பிறகு வந்தவற்றில் எதிர்முனை. முந்தைய வண்டியில் சீரிஸ் 3இன் ஆல்டர்னேட்டரை (மின்சாரம் உண்டாக்கும் கருவி) அப்படியே பொருத்தினால், பேட்டரியை இணைத்த கணமே மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் அதன் டையோடுகள் கருகிவிடும். முதலில் பேட்டரி முனைகளை மாற்றி, காயில், அம்மீட்டர் இணைப்புகளையும் திருப்பியாக வேண்டும்.

முன், பின் அச்சுகளுக்கு இடையே 109 அங்குலம் உள்ள நீள வண்டியின் 11 அங்குல முன் பிரேக் டிரம்களை 88 அங்குலக் குட்டை வண்டிக்கு மாற்றுவதைச் சங்கம் மனமார வரவேற்கிறது. 10 அங்குல டிரம்மை நம்பி பாரத்தோடு இறங்குவதைவிட அது பாதுகாப்பானது. பிரேக் மிதியின் அழுத்தத்தை எண்ணெய்க்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டரும் அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.

சிறியதாகத் தோன்றும் திருகுகளே பெரிய சேதத்தை விளைவிக்கின்றன. பழைய பாகங்களில் பி.எஸ்.எஃப். (பழைய பிரிட்டிஷ் நுண்மரை அளவு) மரையும் பிந்தியவற்றில் யு.என்.எஃப். (பின்னர் வந்த பொது நுண்மரை அளவு) மரையும் கலந்து வருகின்றன. 3/8 அங்குலத் திருகில் முன்னதற்கு அங்குலத்திற்கு 20 மரை, பின்னதற்கு 24 மரை. ஒன்றின் நட்டை மற்றதில் போட்டால் ஓரிரு சுற்று இலகுவாக ஏறிப் பிறகு இறுகும். அந்த இறுக்கத்தைத் துரு என்று எண்ணி ஸ்பேனர் சாவியால் அழுத்தினால் மரை அழிந்துவிடும். கையால் முழுவதும் ஏறாத நட்டைச் சாவியால் ஏற்றக் கூடாது என்று நம் பட்டறைப் பயிற்சியில் இளைஞர்களுக்கு மீண்டும் மீண்டும் கூறப்பட்டது.

இந்த அனுபவங்களை முன்னிட்டுச் செயலவை ஒரு தீர்மானத்தை முன்வைக்கிறது. உறுப்பினர் ஒவ்வொருவரின் வண்டியிலும் எந்தப் பாகம் எந்த சீரிஸிலிருந்து எடுக்கப்பட்டது, டிஃபரென்ஷியல் விகிதம் என்ன, பேட்டரியின் எந்த முனை வண்டிச் சட்டத்தில் உள்ளது என்பனவற்றை எழுதிய பதிவுத்தாள் ஒன்று இருக்க வேண்டும். வண்டி கைமாறும்போது அத்தாளும் உடன் செல்ல வேண்டும். பழுது பார்க்க வரும் அடுத்த மெக்கானிக்குக் கிளட்ச் தட்டு ஒன்றை வாங்கவும் இந்த விவரங்கள் தேவைப்படும். தாளின் மாதிரி அவையில் வழங்கப்பட்டுள்ளது. உறுப்பினர்கள் அதைப் பார்த்துத் திருத்தங்களைத் தெரிவித்து, தீர்மானத்திற்கு ஒப்புதல் அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்