நாம் தீர்த்த பழுதுகளை நாமே தமிழில் எழுதிவைப்போம்

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் சிறு அலுவலகங்களின் நெட்வொர்க்கைப் பராமரித்துவரும் தொழில்தோழர்களுக்கு, காவேரிப்பட்டணத்திலிருந்து வணக்கம்.

நான் பராமரிக்கும் மாங்கூழ் ஆலை ஒன்றில், பெங்களூரா வகை மாங்காய் ஏற்றிய வண்டிகள் எடைமேடையின் முன் வரிசைகட்டி நின்ற ஒரு ஜூன் மாதத்தில், எடைச்சீட்டு அச்சிடும் கணினிக்கும் அலுவலகச் சர்வருக்கும் இடையே தொடர்பு விட்டுவிட்டு அறுந்தது. கேபிளை மாற்றினேன், அதன் முனைகளில் இணைப்பியை மறுபடி அழுத்திப் பொருத்தினேன் (கிரிம்ப்), கணினிகளின் கேபிள்களை ஒன்றிணைக்கும் சுவிட்சு என்ற கருவியையும் நிர்வாகத்தைக் கேட்டுப் புதிதாக வாங்கவைத்தேன். காவலர் அறையில் வைஃபை வேண்டுமென்று யாரோ தம் வீட்டு ரௌட்டரைக் கொண்டுவந்து, அதன் லேன் போர்ட்டிலிருந்து நம் சுவிட்சுக்குக் கேபிள் இழுத்திருந்ததை இரண்டு நாள் கழித்தே கண்டேன். கணினிகளுக்கு நெட்வொர்க் முகவரியை (ஐபி முகவரி) தானாக வழங்கும் முறைக்கு டிஹெச்சிபி என்று பெயர். அந்த ரௌட்டரும் அவ்வழியாக முகவரி வழங்கத் தொடங்கியதால், அதனிடம் முகவரி பெற்ற கணினி சர்வரைக் காணாமல் தவித்தது. ஆலையின் ரௌட்டரிடம் பெற்றபோது சரியாக இயங்கியது. கணினியில் ‘ஐபிகான்ஃபிக் ஆல்’ (ipconfig /all) கட்டளையை இட்டு, முகவரி தந்த டிஹெச்சிபி சர்வர் எதுவென்று முதலிலேயே பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். இதே பழுதை ஓசூரில் ஒரு நண்பர் முந்தைய ஆண்டே தீர்த்திருந்தார் என்று பின்னர் அறிந்தேன். அவர் எழுதிவைத்து நான் படித்திருந்தால், வண்டிக்காரர்களின் காத்திருப்பும் அந்தச் சுவிட்சின் செலவும் தவிர்ந்திருக்கும்.

ஆங்கிலக் கையேடுகளுக்குக் குறைவில்லை. ஆனால் அவற்றுள் பல, குளிரூட்டிய சர்வர் அறையும் விலையுயர்ந்த சுவிட்சுகளும் இருப்பதாக எண்ணி எழுதப்பட்டவை. நமக்கு வாய்ப்பதோ எட்டு போர்ட் சுவிட்சு, ஒரு யுபிஎஸ், கோடைமழையோடு வரும் இடி மின்னல். ஈதர்நெட் செம்புக் கேபிளின் வரம்பு 100 மீட்டர் என்பது நாம் அறிந்ததே. எடைமேடை அதற்குள் இருந்தாலும், இரு கட்டடங்களுக்கிடையே செம்பை இழுத்தால் அருகில் விழும் மின்னலின் அதிர்ச்சி அதன் வழியே பாய்ந்து இருபுறச் சுவிட்சுகளையும் எரித்துவிடக்கூடும். செம்புக்குப் பதில் ஒளியைக் கடத்தும் கண்ணாடி இழைக் கேபிளும் (ஃபைபர்), இரு முனைகளில் மின் சைகையை ஒளியாகவும் ஒளியை மின் சைகையாகவும் மாற்றும் மீடியா கன்வெர்ட்டரும் வைத்தால் அந்த வழி அடைபடும். மலிவுக் கேபிளை வாங்குமுன் கத்தியால் கம்பியைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெண்மை தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், கேபிள் வழியே மின்சாரம் பெறும் கேமராக்களுக்கு ஆகாது. குறைந்த செலவில் வேலை பார்ப்பவருக்கு இவையே உதவும், இவற்றை எழுதத் தகுதியானவர்களும் நாமே என்று உறுதியாக நம்புகிறேன்.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். பழுதின் அறிகுறி, அதன் காரணம், ஆன செலவு ஆகியவற்றைத் தமிழில் எழுதி, யாரும் படிக்கும்படி இணையத்தில் வெளியிடுங்கள். பயன்படாத முயற்சிகளையும் மறைக்காதீர்கள். என் வீண்செலவு அவற்றில்தான் போனது. வாடிக்கையாளரின் பெயரும் கடவுச்சொல்லும் அவர்களுடைய உண்மையான ஐபி முகவரியும் ஒருபோதும் இடம்பெறக் கூடாது. எடுத்துக்காட்டுக்கு 192.0.2.0 முதல் 192.0.2.255 வரையிலான முகவரிகளைப் பயன்படுத்துங்கள். அவை ஆவணங்களுக்கென்றே ஒதுக்கப்பட்டவை.

டிஹெச்சிபி பழுது பற்றிய என் குறிப்பை இவ்வாரமே வெளியிடுகிறேன். ஓசூர் நண்பரும் தம் குறிப்பைத் தர இசைந்துள்ளார். அரூர், பென்னாகரம், ஊத்தங்கரை, தேன்கனிக்கோட்டைப் பக்கங்களில் பணிபுரிவோர், அடுத்த மாங்காய்ப் பருவம் தொடங்குமுன் ஆளுக்கொரு குறிப்பாவது எழுத வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
உங்களுள் ஒருவன்