மலைக்கிராமங்களுக்கு மருத்துவர் வரும் நாளை நிலைப்படுத்தவும், அவசர மருந்துகளை இருப்பில் வைக்கவும் கோரிக்கை மனு

அனுப்புநர்: மலைக்கிராம சுகாதாரக் குழு உறுப்பினர்கள்

பெறுநர்: மாவட்ட சுகாதார அலுவலர் அவர்கள்

பொருள்: மருத்துவர் வருகை, குளிர்பதனப் பெட்டி, பாம்புக்கடி சிகிச்சை ஏற்பாடு – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வண்டி ஏறாத ஊர்களுக்கு மருத்துவர் பெட்டியைச் சுமந்துகொண்டு நடந்தே வருகிறார். அந்த உழைப்பு வீண்போகக் கூடாது என்பதே எங்கள் கவலை.

அவர் வரும் கிழமை மாறிக்கொண்டே இருந்தால், மாத்திரை தேவைப்படுகிறவர்கள் அன்று காட்டு வேலைக்குப் போயிருப்பார்கள். வலிப்பு மாத்திரை திடீரென்று நின்றால் விடாத வலிப்பில் கொண்டுபோய் விடும், உயிருக்கே ஆபத்து. ஆகவே வருகைக்கு ஒரே கிழமையை உறுதி செய்து, ரத்த அழுத்தம், சர்க்கரை, வலிப்பு ஆகியவற்றுக்கு 30 நாளுக்குப் பதில் 45 நாள் மாத்திரை வழங்க வேண்டும். மழையில் பாதை அடைபட்டாலும் அது கைகொடுக்கும்.

தடுப்பூசிப் பெட்டியில் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். வெயில்பட்டால்தான் ஊசி கெடும் என்று பலர் நினைக்கிறார்கள். உறைந்தாலும் கெடும்: பென்டாவேலன்ட் (ஐந்து நோய்களுக்கான ஒரே ஊசி), மஞ்சள் காமாலை பி, டிடி (ரணஜன்னி, தொண்டை அடைப்பான்) ஊசிகள் ஒருமுறை உறைந்துவிட்டால் பயனில்லை. ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை அப்படியே அடுக்குவதுதான் இதற்குக் காரணம். அதை வெளியே வைத்து, குலுக்கினால் உள்ளே தண்ணீர் சத்தம் கேட்ட பிறகே பெட்டியில் வைக்க வேண்டும். கிளம்பும் அவசரத்தில் இது விடுபடாதிருக்க, பெட்டி கட்டுவதற்கென ஒருவரைப் பொறுப்பாக்கவும். பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கை நிறுத்தும் ஆக்சிடோசினுக்கும் இதே குளிர் தேவை. சூடுபட்டு வீரியம் இழந்த மருந்தைப் போட்டால் கருப்பை சுருங்காது. அதே ரத்தப்போக்குக்கு உதவும், குளிர் தேவைப்படாத மிசோபுரோஸ்டால் மாத்திரையும் உடன் இருக்கட்டும். ஆனால் ஈரம் பட்டால் அது வீரியம் இழக்கும் என்பதால் அட்டையைப் பிரிக்காமல் வைக்க வேண்டும்.

பாம்புக்கடியில் நேரம் வீணாவது பெரும்பாலும் சிறு பொருள் இல்லாததால்தான். கடிபட்டவரின் 2 மில்லி ரத்தத்தைக் காய்ந்த, புதிய கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையாமல் வழிந்தால் கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் போன்றவற்றின் விஷம் ஏறியிருக்கிறது என்று பொருள். பிளாஸ்டிக் குழாயிலோ சோப்பு போட்டுக் கழுவிய குழாயிலோ நல்ல ரத்தமே உறையாமல் நிற்கும், முடிவு தவறிவிடும். உறைந்துவிட்டது என்பதற்காக வீட்டுக்கு அனுப்பிவிடவும் முடியாது. நாகம், கட்டுவிரியன் கடித்திருந்தால் ரத்தம் உறையும், விஷம் நரம்பைத் தாக்கி இமைதான் தொங்கும். எனவே துணை சுகாதார நிலையத்தில் கண்ணாடிக் குழாய்களும், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விஷமுறிவு மருந்து ஒருவருக்கு 10 குப்பி வீதம் குறைந்தது இருவருக்கும் எப்போதும் இருக்க வேண்டும். அந்த மருந்தே ஒவ்வாமையைக் கிளப்பலாம். அந்த ஒவ்வாமைக்குப் போடும் அட்ரினலின் ஊசியை முன்கூட்டியே எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டு விஷமுறிவு மருந்தை ஏற்றுவதே முறை. ஆகவே அட்ரினலினையும் அதே இருப்புப் பட்டியலில் சேர்க்கவும்.

ஆக்சிஜன் சிலிண்டரைத் திறக்கும் சாவியைச் சங்கிலியால் சிலிண்டரோடே கட்டிவைக்க உத்தரவிடவும். சாவி இல்லாவிட்டால் நிறைந்த சிலிண்டரும் வெற்று இரும்புதான்.

மழைக்காலம் தொடங்கும் முன் இவற்றுக்கு ஆணை பிறப்பித்து, வருகைக் கிழமையைக் கிராமங்களுக்கு எழுத்து மூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மலைக்கிராம சுகாதாரக் குழுவினர்