செம்பனைக் காற்றையும் கணக்கில் எடுங்கள்: தோட்டத்தொழில் அமைச்சுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மலேசியத் தோட்டத்தொழில், மூலப்பொருள் அமைச்சருக்கு வணக்கம்.

டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து (பாமாயில்) செய்த எரிபொருளைப் பத்து விழுக்காடு கலந்தால் பி10. அதை பி20 ஆக்குவோம், அப்புறம் பி30 என்கிறீர்கள். இதனால் கரிம வெளியேற்றம் எவ்வளவு குறையும் என்று கணக்கும் சொல்கிறீர்கள். சரி, ஆனால் செம்பனை ஓலையே காற்றில் விடும் ஐசோப்பிரீன் என்ற கரிம ஆவி எந்தக் கணக்கில் வருகிறது?

வெயில் ஏற ஏற ஓலை இந்த ஆவியை அதிகமாக விடும், இருட்டினால் நிறுத்திவிடும். நெல்லும் கரும்பும் விடுவது மிகக் குறைவு. ரப்பர் விடுவது பெரும்பாலும் மோனோடெர்ப்பீன் என்ற வேறு வகை. ஆக, ரப்பரை வெட்டிச் செம்பனை நட்ட இடங்களில் காற்றும் மாறிவிட்டது.

ஐசோப்பிரீன் வெயிலில் நைட்ரஜன் ஆக்சைடோடு சேர்ந்தால் தரைமட்ட ஓசோன் உண்டாகும். ஆஸ்துமாக்காரர்களைப் படுத்தும், பக்கத்து வயலின் விளைச்சலையும் குறைக்கும். நைட்ரஜனுக்கா பஞ்சம்? வாளி வாளியாக உரம் சுமந்து மரத்தடியில் வீசுகிறார்களே நம் பெண்கள், அதில் ஒரு பங்கு மண்ணிலிருந்து கிளம்பிக் காற்றில்தான் கலக்கிறது. ஆலைக் கொதிகலனும் குலை ஏற்றும் லோரியும் தம் பங்குக்குச் சேர்க்கின்றன.

இது என் ஊகமில்லை. 2008-இல் சபாவில் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஹியூவிட் குழுவினர் டானும் பள்ளத்தாக்குக் காட்டின் காற்றையும் செம்பனைத் தோட்டத்தின் காற்றையும் அளந்து ஒப்பிட்டார்கள். ஐசோப்பிரீன், நைட்ரஜன் ஆக்சைடு இரண்டிலும் தோட்டமே கூடுதல். ஓசோன் மட்டும் அன்று இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். நைட்ரஜன் ஆக்சைடு ஐரோப்பியக் கிராமப்புற அளவுக்கு ஏறினால் ஓசோன் 100 பிபிபியை (நூறு கோடிப் பங்கு காற்றில் 100 பங்கு) தாண்டும் என்று 2009-இல் எழுதினார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு சுமார் 50 தான். சிலாங்கூர் மாநிலத்தின் கோல லங்காட், கோல சிலாங்கூர் தோட்டங்களுக்குக் கோலாலம்பூரை உள்ளடக்கிய கிள்ளான் பள்ளத்தாக்கின் வாகனப் புகை கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. எனக்குக் கவலையே அங்குதான்.

செம்பனையை விடச் சொல்லவில்லை. பல குடும்பங்களுக்கு அதுதான் சோறு. உரத்தை மரம் எடுத்துக்கொள்ளும் அளவுக்குப் பிரித்துப் போடச் சொல்லுங்கள். ஆலைப் புகைபோக்கிகளின் நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க வையுங்கள். ஏறக்குறைய 25 ஆண்டுக்கு ஒருமுறை மறுநடவு வருகிறதே, அதற்குள் ஐசோப்பிரீன் குறைவாக விடும் கன்றுகள் கிடைக்குமா என்று ஆராயுங்கள். அமெரிக்காவில் மரபணு மாற்றிய பாப்ளர் மரங்களில் ஐசோப்பிரீனை அடக்கியும் வளர்ச்சி குறையவில்லை என்று 2020-இல் வெளியான களச் சோதனை காட்டியது. செம்பனையிலும் அது நடக்குமா என்பதைச் சோதித்தால்தான் தெரியும்.

அடுத்த கலப்பு விகிதத்தை அறிவிக்கும் முன், தோட்டக் குடியிருப்புகளை ஒட்டி ஓசோன் கருவிகளை வைத்து, அளவைத் தினமும் பொதுவில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
செம்பனைத் தோட்டத்தை ஒட்டி வாழும் ஒரு குடிமகன்