அம்மாவுக்கு, அவுஸ்திரேலியா டண்டினோங்கில இருந்து

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் எல்லாரும் சுகம். நீங்களும் சுகமா இருக்க வல்லிபுர ஆழ்வாரை வேண்டுறன். சின்னக்காவின்ர கையெழுத்தில வந்த உங்கட கடிதம் போன கிழமை கிடைச்சது. போனில கதைக்கிறது வைச்ச உடன மறந்துபோகுது, கடிதமெண்டா திருப்பித் திருப்பி வாசிப்பிக்கலாம் எண்டு எழுதியிருந்தியள். சரி, நீளமாவே எழுதுறன். சின்னக்கா, நிப்பாட்டி நிப்பாட்டி வாசியுங்கோ.

"வீடு வாசல் இல்லாமலோ கடற்கரையில கூடாரம் அடிச்சுப் படுக்கினம்?" எண்டு தும்பளை மாமி கேட்டவவாம். அவவுக்கு ஆர் படம் காட்டினது? தறப்பாளுக்குக் கீழ மழையில நனைஞ்சு கிடந்த எங்களுக்கு இது விசர் வேலையாத்தான் தெரியும். இஞ்ச சனம் காசு குடுத்துப் போய்ப் படுக்குது. பள்ளிக்கூடத்தில எல்லாப் பிள்ளையளும் போனதுகள் எண்டு மூத்தவன் ஒரு வருசமா அரிச்செடுத்தவன்.

போனது கிறேற் ஓசன் றோட் எண்டு சொல்லுற கடற்கரைப் பாதையால. ரோக்கியில தொடங்கி ஏறக்குறைய 240 கிலோமீற்றர், கனதூரம் கடலோடயே போகுது. முதலாம் உலக யுத்தம் முடிஞ்சு வந்த சிப்பாய்மார் 1919இல இருந்து 1932 வரைக்கும் பிக்கானும் சவளும் வைச்சு மலையை வெட்டிப் போட்ட றோட்டாம். யுத்தத்தில செத்துப்போன தங்கட ஆக்களுக்கு நினைவா. வழியில மர வளைவு ஒண்டு நிக்குது, அதில எழுதியிருக்கு. பிள்ளையள் படம் எடுக்கச் சொல்லிக் கத்திக்கொண்டு நிண்டதுகள், நான் அதை வாசிச்சுக்கொண்டு நிண்டனான்.

றோட்டில போறதைவிட எங்க தங்கிறது எண்டு முடிவெடுக்கத்தான் பெரிய பாடு. பக்கத்து வீட்டுக் கிழவரைப் பற்றி முந்தியும் எழுதினனான், ஆடி மாதக் குளிரிலயும் அரைக்காற்சட்டையோட நிண்டு கோழிகளோட கதைக்கிறவர். அவரிட்டத்தான் கேட்டன். மனுசன் பழைய கொப்பி ஒண்டைக் கொண்டுவந்தார். எந்த ஊரில எந்த இலக்க இடத்தில காத்து அடிக்கும், எதில இருந்து கக்கூசுக்கு எத்தினை அடி எண்டெல்லாம் எழுதி வைச்சிருக்கிறார். ரோக்கி கிட்டத்தான், ஆனால் சனம் கூட. லோர்ன் வடிவு, ஆனால் நத்தார் விடுமுறைக்கு ஒவ்வொரு குடும்பமும் அதே இடத்தைப் போன வருசமே பிடிச்சு வைச்சிடும். ஜொஹானா கடற்கரை கண்கொள்ளாத காட்சி, ஆனால் பிள்ளையளோட அங்க போகாதை எண்டு விரலை ஆட்டிச் சொன்னார். எங்கட பக்கம் முருகைக்கல் அலையை மறிச்சுப்போடும், முழங்கால் தண்ணியில பிள்ளையளை விடலாம். இஞ்ச மறிக்க ஒண்டுமில்லை. தென்கடல் அலை நேர வந்து அடிக்கும், நிக்கிறவனை நீரோட்டம் உள்ளுக்கு இழுத்துக்கொண்டு போயிடும். சிவப்பு மஞ்சள் கொடி நட்டிருந்தா ரண்டு கொடிக்கும் நடுவிலதான் குளிக்கலாம். சின்னனுகள் இருக்கிறவை ஆத்துவாய் உள்ள இடமாப் பார்க்கவேணுமாம். அதால கெனற் றிவர் எண்ட சின்ன ஊரை எடுத்தம். ஆறு வந்து கடலில விழுற இடத்தில தண்ணி ஆழமில்லை, பிள்ளையள் நாள் முழுக்க அதுக்குள்ளதான்.

இன்னொண்டும் சொன்னார்: யூக்கலிப்ரஸ் மரத்துக்குக் கீழ நிழலைப் பார்த்துக் கூடாரம் அடிச்சிடாதை, காத்தே இல்லாத நேரத்திலயும் கொப்பு முறிஞ்சு விழும். கூடாரமும் அவற்றதான். தாறதுக்கு முதல் எங்கட முத்தத்தில அடிச்சுக் காட்டி, பிறகு என்னை அடிக்க வைச்சு, மடிக்கிறதையும் பார்த்துப்போட்டுத்தான் தந்தவர்.

கபினும் இருந்தது, கட்டில், குசினியோட. பிள்ளையள் கூடாரம்தான் வேணுமெண்டு நிண்டதுகள். விடுமுறை முடிஞ்சு மாசியில போனது, சனம் குறைவாயிருக்கும், கடல் தண்ணியும் அப்பதான் கொஞ்சமாவது சூடு எண்டுதான்.

வெய்யில் கூடின நாளில விறகு மூட்டத் தடை. 2015 நத்தார் அண்டு பக்கத்து வை றிவரிலயும் செப்பறேசன் கிறீக்கிலயும் 116 வீடு காட்டுத்தீயில எரிஞ்சது, அதால இஞ்ச அதில விளையாட்டில்லை. காஸ் அடுப்பிலதான் உங்கட மருமகள் விளைமீன் மாதிரி ஏதோ ஒரு மீனில குழம்பு வைச்சவ. புட்டை வீட்டிலயே அவிச்சுக் கட்டிக்கொண்டு போனது. வெள்ளைக் கொக்கற்றூக் கிளி ஒண்டு மேசையில இறங்கி, ஒரு காலில நிண்டுகொண்டு மற்றக் காலால புட்டை அள்ளித் திண்டது, கலைச்சாலும் போகேல்ல. ராவில மரத்தில பண்டி உறுமுற மாதிரிச் சத்தம். உங்கட மருமகள் பிள்ளையளைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு தேவாரம் படிச்சவ. விடியப் பார்த்தா கரடிக்குட்டி மாதிரி இருக்கிற ஆண் கோலா ஒண்டு கவட்டுக்க நித்திரை.

பன்னிரண்டு அப்போஸ்தலர் எண்டு கடலுக்க நிக்கிற கல்லுத் தூணுகளையும் போய்ப் பார்த்தம். பேர்தான் பன்னிரண்டு, ஒருநாளும் பன்னிரண்டு நிண்டதில்லையாம். 2005இல ஒண்டு இடிஞ்சும் விழுந்திட்டுது. மிச்சம் எங்கையெண்டு சின்னவள் திரும்பி வரும்வரைக்கும் கேட்டவள்.

கடைசி நாள் விடிய நான் மட்டும் கரைக்குப் போனன். ராவில அடிச்ச அலைக்குக் கடலுக்க முளைக்கிற சாதாளை ஒதுங்கிக் குவிஞ்சு கிடந்தது. அந்த மணம், அம்மா. அப்பா தோட்டத்துக்கு அள்ளிக்கொண்டு வந்து பின்வளவில குவிப்பார், நீங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு பேசுவியள். இஞ்ச வந்து இத்தினை வருசத்தில அந்த மணம் எனக்கு வரவேயில்லை. கொஞ்சத்தைக் கையில எடுத்துக்கொண்டு இருந்திட்டன். இவ தேடி வந்தவ.

சரி, அதை விடுங்கோ. கண் ஒப்பரேசனுக்கு மந்திகை ஆசுபத்திரியில திகதி தந்தா உடன போங்கோ. பிறைவேற்றில செய்விக்கலாம் எண்டு பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், அங்கயும் அதே டொக்டர்மார்தான். எனக்கு இப்ப சனிக்கிழமை வேலை இல்லை, பிள்ளையளோட இருக்கலாம், நல்லதுதான்.

சின்னக்கா, இதை மட்டும் வாசிக்காமல் விடுங்கோ: இந்த மாதக் காசு சித்திரை வருசத்துக்குப் பிறகுதான் வரும். பெரியண்ணையிட்டக் கேக்காதேங்கோ.

காணியின்ர மேற்கு எல்லையைப் பற்றி எழுதியிருந்தியள். பக்கத்துக் காணிக்காரர் வேலி அடைக்கேக்க ஒரு முழம் உள்ளுக்கு வந்ததெண்டா வாயால சண்டை பிடிச்சுப் பிரயோசனம் இல்லை. காணி உறுதி பெரியண்ணையிட்ட இருக்கு, அதை வாங்கி ஒரு பிரதி எடுத்து எனக்கு அனுப்புங்கோ. சேவையரைக் கூப்பிட்டு அளக்கேக்க சங்கக்கடை மாமாவையும் கூட நிக்கச் சொல்லுங்கோ, பழைய எல்லைக்கல்லு எதில கிடந்ததெண்டு அவருக்குத் தெரியும். அளந்து முடியும் மட்டும் அந்தப் பக்கத்துப் பனையில ஒருத்தரையும் ஓலை வெட்ட விடாதேங்கோ.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்