முதல் பனி போட்டோ போடறப்ப ஒரு வரி சேர்த்துப் போடுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நவம்பர் வந்தா போதும், குல்மார்க்ல பனி கொட்டுது, வெள்ளைக் கம்பளம் விரிச்ச மாதிரி இருக்குன்னு நம்ம பேப்பர்ல ஒரு போட்டோ வந்துடும். நல்லாத்தான் இருக்கு, நானும் முதல் தடவை காஷ்மீர் போஸ்டிங் போனப்ப வாயப் பொளந்துட்டுதான் பாத்தேன். ஆனா அங்க எங்களுக்குச் சொல்லிக் குடுத்ததே, பனி கம்மியா இருக்கறப்பவே பனிச்சரிவுக்குப் பயப்படணும்ங்கறதுதான்.

சீசன் ஆரம்பத்துல விழற பனி ஒரு முழம் கூட இருக்காது, வெயில் படாத வடக்குச் சரிவுல உருகாம அப்படியே கெடக்கும், கீழ தரை ஜீரோ டிகிரிகிட்ட, மேல ராத்திரி மைனஸ் 20, நடுவுல இருக்கறது அந்த ஒரு முழம்தான், அதுக்குள்ள ஈரம் ஆவியாகி கீழேருந்து மேல ஏறி ஏறி பனி இறுகாம அஸ்கா சக்கரை மாதிரி பொலபொலன்னு ஆயிடும். குழி வெட்டி அடியிலேருந்து ஒரு கை அள்ளிப் பாருங்க, எவ்வளவு அமுக்கினாலும் உருண்டை பிடிக்க வராது, விரல் சந்துல ஒழுகிடும். அப்புறம் ரெண்டு நாள் விடாம கொட்டி காத்தும் சேந்து அடிச்சா இதுக்கு மேல பலகை மாதிரி ஒண்ணு உக்காரும். தரையில கொட்டுன கடுகு மேல பலகையப் போட்டு ஏறி நின்னா என்ன ஆகும்? அதான் பனிச்சரிவு. நடக்கறப்ப காலுக்கடியில 'தொம்'னு அமுங்குச்சுன்னா எங்களுக்கு டிரெய்னிங் குடுத்த உஸ்தாத் பேச மாட்டாரு, கையை மட்டும் காட்டுவாரு, வந்த வழியே திரும்பிடுவோம்.

2019 நவம்பர் 18, சியாச்சின்ல ரோந்து போனவங்கள்ல 4 ஜவான், 2 போர்ட்டர் பனிச்சரிவுல செத்துப் போயிட்டாங்க. 2022 அக்டோபர் 4, உத்தராகண்ட்ல உத்தரகாசி பக்கம் திரௌபதி கா டண்டா மலையில மலையேறுற டிரெய்னிங் போனவங்க 27 பேர் பனிச்சரிவுல சிக்கி உடலாத்தான் கிடைச்சாங்க, அதே வருஷம் மே மாசம் எவரெஸ்ட் ஏறுன சவிதா கன்ஸ்வாலும் அதுல ஒருத்தங்க. அக்டோபர் 4ங்க, இங்க புரட்டாசி கூட முடியல! ரெண்டுக்கும் அந்த அடிப்பனிதான் காரணம்னு சொல்ல வரல, சீசனே தொடங்கலையேன்னு அசால்ட்டா இருக்க முடியாதுன்னுதான்.

இப்ப நம்ம பசங்களும் டிசம்பர்ல உத்தராகண்ட்ல இருக்கற கேதார்கண்டா மலைக்கு டிரெக்னு கெளம்பறாங்க. சண்டிகர்ல இருக்கற டிஜிஆர்இங்கற ராணுவ ஆராய்ச்சி நிறுவனம் பனிச்சரிவு எச்சரிக்கை விடுது, டேஞ்சர் லெவல் 1லேருந்து 5 வரைக்கும். போட்டோவுக்குக் கீழ அதை ஒரு வரி போடுங்க சார். 2ன்னா சேஃப்னு அர்த்தமில்லங்கறதையும் சேத்துக்கோங்க, எங்க வீட்டுப் பையனே "ரெண்டுதானே மாமா, போலாம்ல"ன்னு கேட்டான்.

இப்படிக்கு,
முன்னாள் ராணுவத்தான் ஒருத்தன், வேலூர் மாவட்டம்